"ரீச்சர், என்ட ஃபைலக் காணல்ல": பாடசாலைக் கணினி அறையில் கோப்பைத் தேடுவதும் காப்பதும்

கல்முனைக்கும் திருக்கோவிலுக்கும் இடையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் பாடசாலை. கணினி அறையில் வேலை செய்யும் கணினிகள் 19. தரம் 6 பிள்ளைகள் தொடக்கம் ஏ.எல். பிள்ளைகள் வரை, வினாத்தாள் அடிக்க வரும் ஆசிரியர்கள் உட்பட, எல்லோரும் பாவிப்பது அந்த 19ஐத்தான். காலையில் ஒரு பிள்ளை இருந்த கதிரையில் மத்தியானம் வேறொரு பிள்ளை இருக்கும். இந்த அறைக்குப் பொறுப்பாக இருந்த வருடங்களில், கணினி பழுது என்று வந்தவர்களைவிட "காணல்ல" என்று வாசலில் வந்து நின்றவர்கள்தான் அதிகம்.

கீழே தலைப்பாக இருப்பவை எல்லாம் அப்படி வாசலில் நின்று சொல்லப்பட்ட முறைப்பாடுகள். உங்கள் பிரச்சினை எதைப் போல இருக்கிறதோ அங்கே நேராகப் போங்கள். போகுமுன் இது ஒன்றை மட்டும் கேளுங்கள். கோப்பைக் காணவில்லை என்று தெரிந்தவுடன் கணினியை நிறுத்தவோ ரீஸ்டார்ட் பண்ணவோ வேண்டாம். பென்ட்ரைவில் புதிதாக எதையும் போட வேண்டாம். திரையில் ஃபோர்மட் பண்ணவா என்று கேட்டால் "கேன்சல்" கொடுங்கள். காணாமற்போன கோப்பு பெரும்பாலும் இன்னும் அந்தத் தட்டில்தான், அதாவது கணினியின் அல்லது பென்ட்ரைவின் சேமிப்பிடத்தில்தான், கிடக்கும். பதறிப்போய் நாம் செய்யும் அடுத்த வேலைதான் அதை உண்மையில் அழிக்கிறது.

"நேத்து சேவ் பண்ணின ரீச்சர், இண்டைக்கு இல்ல"

"எங்க மகள் வெச்ச நீ?"

"டெஸ்க்டொப்ல, ரீச்சர்."

"எந்தக் கொம்பியூட்டர்ல?"

இந்த இடத்தில் பிள்ளை திரும்பி அறையைப் பார்க்கும். 19 கணினியும் ஒரே நிறம், ஒரே மாதிரி. அதனால் முதல் வேலை, நேற்று இருந்த கணினியைக் கண்டுபிடிப்பது. எங்கள் அறையில் ஒவ்வொரு திரையின் மூலையிலும் இலக்கம் ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகள் கொப்பியில் திகதிக்குப் பக்கத்தில் அந்த இலக்கத்தையும் எழுத வேண்டும். "காணல்ல" என்று வருகிறவர்களில் நல்ல பங்கு பேரின் பிரச்சினை இதோடேயே தீர்ந்துவிடுகிறது.

கணினி சரி, கோப்பு இல்லை என்றால் எந்தப் பயனர் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டெஸ்க்டொப் கணினிக்கு ஒன்றல்ல, கணக்குக்கு ஒன்று. நேற்று "ஸ்டூடண்ட்" என்ற கணக்கில் வைத்ததை இன்று "டீச்சர்" என்ற கணக்கில் தேடினால் கிடைக்காது. ஸ்டார்ட் மெனுவில் தெரியும் பெயரைப் பாருங்கள், வேறு கணக்கு என்றால் வெளியேறி மற்றதில் நுழையுங்கள். கடவுச்சொல் தெரியாவிட்டால் அறைக்குப் பொறுப்பானவர் சி டிரைவில் "யூசர்ஸ்" என்ற ஃபோல்டருக்குள் போய் எல்லாக் கணக்குகளின் டெஸ்க்டொப்பையும் பார்க்க முடியும்.

இரண்டும் சரியாக இருந்தும் இல்லையென்றால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பனிக்கரடி இருக்கிறதா என்று தேடுங்கள். அதுதான் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளின் அடையாளம். பல பேர் பாவிக்கும் அறைகளில் இதைப் போட்டு வைப்பார்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் சி டிரைவ், உறைய வைத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிவிடும். வைரஸ் வந்தாலும் போய்விடும், யாராவது அமைப்புகளை மாற்றினாலும் போய்விடும். அதே கையோடு பிள்ளையின் ஒப்படையும் போய்விடும். டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான் இருக்கின்றன. கரடி இருக்கும் கணினியில் அவற்றில் வைத்தது, மணலில் எழுதியது போலத்தான். கணினி இன்னும் ரீஸ்டார்ட் ஆகாமல் இருந்தால் உடனே உறைய வைக்காத டி டிரைவுக்கோ பென்ட்ரைவுக்கோ பிரதி எடுங்கள். ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் அந்தக் கணினியில் தேடி நேரத்தை வீணாக்காமல் வேறு பிரதி இருக்கிறதா என்று யோசியுங்கள்.

இதை நான் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில், தரம் 11 வகுப்பின் தவணைப் புள்ளிகளை இரண்டு பின்னேரம் இருந்து எக்செலில் ஏற்றினேன். 38 பிள்ளைகள், 9 பாடங்கள். டெஸ்க்டொப்பில் வைத்துவிட்டு, கணினியை ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் டெஸ்க்டொப் வெறும் நீலம். கரடி என்ன செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பெற்றோர் கூட்டம் அடுத்த நாள். அன்றிரவு புள்ளி இடாப்பை மடியில் வைத்துக்கொண்டு 342 இலக்கங்களையும் திரும்ப அடித்தேன். அந்த இரவுக்குப் பிறகு புதிதாக எந்தக் கணினிக்கு முன்னால் இருந்தாலும் என் கண் முதலில் போவது கடிகாரத்துக்குப் பக்கத்துக்குத்தான்.

கரடி இல்லாமலும் இதே மாதிரி நடக்கலாம். நுழைந்தவுடன் "தற்காலிக சுயவிவரத்தில் நுழைந்துள்ளீர்கள்" என்ற பொருளில் ஒரு சின்ன அறிவிப்பு வந்து மறையும். டெஸ்க்டொப் படம் வழமையானதாக இராது, இருந்த ஐகன்களும் இராது. அந்த நிலையில் வைத்ததெல்லாம் வெளியேறும்போது அழிக்கப்படும். பழைய கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும், உங்கள் கணக்கு சரியாகத் திறக்கவில்லை என்பதுதான் விசயம். புதிதாக எதுவும் செய்யாமல் வெளியேறி மீண்டும் நுழைந்து பாருங்கள்.

இன்னொரு வகையும் உண்டு. வட்ஸ்அப் வெப்பிலோ மின்னஞ்சலிலோ வந்த கோப்பை நேரடியாகத் திறந்து, திருத்தி, கண்ட்ரோல் எஸ் அடித்துவிட்டு மூடுவார்கள். அது எங்கோ டவுன்லோட்ஸிலோ தற்காலிக ஃபோல்டரிலோ போய்க் கிடக்கும். பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய சிப் கோப்புக்குள்ளே இருந்து திறந்தாலும் இதேதான், சிப்புக்குள் இருப்பது பழையபடியே இருக்கும். இதற்கு வேர்ட்டைத் திறந்து "ரீசன்ட்" பட்டியலைப் பாருங்கள். பெயருக்குக் கீழே அது இருந்த முகவரியும் தெரியும்.

முகவரியில் "வன்டிரைவ்" என்று இருந்தால் கவனம். முன்னால் இருந்தவர் தன் மைக்ரோசொஃப்ட் கணக்கிலிருந்து வெளியேறாமல் போயிருப்பார், உங்கள் கோப்பு அவருடைய கணக்குக்குள் போயிருக்கும். அவரைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்வதுதான் வழி.

பெயரே நினைவில்லை என்றால் டி டிரைவைத் திறந்து, தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, அதன்பின் ஆங்கிலத்தில் டி-ஓ-சி-எக்ஸ் என்று அடியுங்கள். எக்செல் என்றால் எக்ஸ்-எல்-எஸ்-எக்ஸ். வந்ததைத் திருத்திய திகதிப்படி வரிசைப்படுத்தினால் கடைசியாக வேலை செய்தது மேலே வரும். டி டிரைவில் இல்லையென்றால் சி டிரைவிலும் இதையே செய்யுங்கள், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இவ்வளவுக்கும் சேர்த்து நான் பிள்ளைகளிடம் கேட்கும் பழக்கம் ஒன்று. முதல் முறை சேவ் பண்ணும்போது எஃப் 12 விசையை அழுத்துங்கள். வேர்ட்டிலும் எக்செலிலும் "சேவ் ஆஸ்" பெட்டி முழுதாகத் திறக்கும். அதன் மேற்பகுதியில் முகவரி இருக்கும், அதை வாய்விட்டு வாசியுங்கள். "டி டிரைவ், தரம் 10, என் பெயர்" என்று வாசிக்க முடிந்தால் மட்டும் சேவ் கொடுங்கள்.

"கரண்ட் போயிட்டு, அடிச்சதெல்லாம் போயிட்டு"

ஐப்பசியில் பின்னேர இடி தொடங்கினால் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனது திரும்பி வந்தவுடன் எல்லோரும் அவசரமாக வேர்ட்டைத் திறந்து புதிய தாளில் அடிக்கத் தொடங்குகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். வேர்ட் திறந்ததும் இடப்பக்கம் மீட்கப்பட்ட ஆவணங்களின் பட்டியல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒவ்வொன்றையும் திறந்து, நேரம் பிந்தியதைப் புதிய பெயரில் சேவ் பண்ணுங்கள். பட்டியல் வராவிட்டால் ஃபைல், இன்ஃபோ, "மனேஜ் டொகியுமென்ட்" வழியாகப் போனால் சேமிக்காத ஆவணங்களை மீட்கும் தெரிவு இருக்கும். சேவ் பண்ணாமல் மூடியதை வேர்ட் அங்கே நான்கு நாள் வைத்திருக்கும்.

வேர்ட் இப்படித் தானாகப் பிரதி எடுப்பது வழமையாக 10 நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒரு பாடவேளைக்கு அது மிக அதிகம். ஒப்ஷன்ஸ் பெட்டியில் "சேவ்" பகுதிக்குப் போய் 2 நிமிடமாக்குங்கள். அதே இடத்தில் மீட்புக் கோப்பு வைக்கப்படும் முகவரியும் இருக்கிறது, அது சி டிரைவில் இருக்கும். பனிக்கரடி உள்ள கணினியில் கரண்ட் போய் வந்தால் மீட்புக் கோப்பையும் கரடி அழித்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த முகவரியை டி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். உறைநிலையை நீக்கிவிட்டு மாற்றிப் பிறகு திரும்ப உறைய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் மாற்றியதும் அடுத்த ரீஸ்டார்ட்டோடு போய்விடும்.

கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்க மறுக்கிறது என்றால் அளவைப் பாருங்கள். 0 என்று இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை, வேறு பிரதியைத் தேடுங்கள். அளவு இருந்தால் வேர்ட்டுக்குள்ளிருந்து "ஓப்பன்" பெட்டியைத் திறந்து, கோப்பைத் தெரிவுசெய்து, ஓப்பன் பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் "ஓப்பன் அன்ட் ரிப்பேர்" வரும். எக்செலுக்கும் இது உண்டு. புள்ளிப்பட்டியல்கள் சில இப்படித் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

கரண்ட் போனாலும் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்கும் யூ.பி.எஸ். இருக்கும் அறைகளில், அது கீச்சிடும் நேரம் வேலையை முடிக்கும் நேரம் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடாது. கண்ட்ரோல் எஸ், பிறகு நிறுத்துவது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பற்றரி எங்கள் வெயிலுக்குச் சில வருடங்களில் சத்துப் போய்விடும். தவணைக்கு ஒரு தடவை, ஒன்றும் திறந்திராத கணினியில் சுவர்ப் பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடமும் தாங்காத யூ.பி.எஸ். வெறும் பாரம்தான்.

"பென்னுக்குள்ள எல்லாம் குறுக்கு அம்புக்குறியா வருது"

பென்ட்ரைவைத் திறந்தால் ஃபோல்டர்களின் மூலையில் சின்ன அம்புக்குறி. சில வேளை பென்ட்ரைவின் பெயரிலேயே ஒரு ஷோர்ட்கட் மட்டும் இருக்கும். இது பழைய வைரஸ், ஆனால் ஃபோட்டோ பிரதிக் கடைகளிலும் பாடசாலைகளிலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோப்புகளை அது அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட்டை வைக்கிறது. அதை இரட்டைக் கிளிக் பண்ணினால் உங்கள் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். ஃபோல்டர் திறப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

எனவே எதையும் கிளிக் பண்ண வேண்டாம். சிப் கோப்புகளைத் திறக்கும் செவன் சிப் என்ற மென்பொருள் கணினியில் இருந்தால் அதன் ஃபைல் மனேஜரைத் திறந்து பென்ட்ரைவுக்குள் போங்கள், மறைந்தவையும் அதில் தெரியும். இல்லாவிட்டால் விண்டோஸில் ஃபோல்டர் ஒப்ஷன்ஸுக்குள் "வியூ" பகுதியில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் வரியில் உள்ள சரி அடையாளத்தையும் எடுங்கள். இந்த இரண்டாவதை விட்டுவிட்டு "ஒண்டும் இல்ல" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வைரஸ் உங்கள் கோப்புகளுக்கு இயங்குதளக் கோப்பு என்ற அடையாளத்தையும் போட்டுத்தான் மறைக்கிறது. பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் தெரிந்தால் அதற்குள்ளும் பாருங்கள், சில வகை எல்லாவற்றையும் அதற்குள்தான் தள்ளிவிடும்.

கண்டதும் வேர்ட், எக்செல், படம், பி.டி.எஃப். இவற்றை மட்டும் டி டிரைவுக்குப் பிரதி எடுங்கள். ஷோர்ட்கட்டுகளையும் உங்களுக்குத் தெரியாத வேறு கோப்புகளையும் தொட வேண்டாம். பிரதி எடுத்தவற்றைத் திறந்து பார்த்த பின்தான் பென்ட்ரைவை ஃபோர்மட் பண்ண வேண்டும். கணினியையும் விண்டோஸ் டிஃபென்டரால் முழுதாகச் சோதியுங்கள். கரடி உள்ள கணினி ரீஸ்டார்ட்டோடு சுத்தமாகும், ஆனால் பென்ட்ரைவும் டி டிரைவும் தாமாகச் சுத்தமாகாது. வீட்டுக் கணினியிலும், கடைசியாக அச்செடுத்த கடையிலும் அதே வைரஸ் இருக்கலாம். அச்செடுக்கப் போகும்போது ஒப்படைகள் நிறைந்த பென்ட்ரைவைக் கொண்டுபோகாமல், அச்செடுக்க வேண்டிய பி.டி.எஃப். மட்டும் உள்ள தனி பென்ட்ரைவைக் கொண்டுபோகச் சொல்கிறேன்.

"பென்ன போட்டா ஃபோர்மட் கேக்குது"

கேன்சல். பிறகு கணினியின் பின்பக்கத் துளையில் போட்டுப் பாருங்கள், முன்பக்கத் துளைகள் ஆடி ஆடித் தளர்ந்திருக்கும். வேறொரு கணினியிலும் பாருங்கள். எங்கள் கரையோரத்தில் உப்புக் காற்றும் கச்சான் காற்றுக் காலத்துப் புழுதியும் சேர்ந்து துளைகளையும் பென்ட்ரைவின் தகர முனையையும் பிடித்துவிடுகின்றன. முனையை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துப் போட்டதும் வேலை செய்ததைப் பல தடவை கண்டிருக்கிறேன். ஈரமாகவோ எச்சில் தொட்டோ துடைக்க வேண்டாம்.

எங்கு போட்டாலும் ஃபோர்மட் கேட்டால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்கலாம். கோப்புகளின் பெயர் போய்விடும், உள்ளடக்கம் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைக்கும் பொறுமை வேண்டும்.

எழுத முடியாது, வாசிக்க மட்டும் முடிகிறது என்று பென்ட்ரைவ் சொன்னால் பக்கத்தில் பூட்டும் ஆழி (சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். ஆழி இல்லையென்றால் அது தன் ஆயுளை முடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சரிப்படுத்த முயலாமல், இப்போதே எல்லாவற்றையும் பிரதி எடுங்கள்.

விலைக்குப் பொருந்தாத கொள்ளளவோடு விற்கும் பென்ட்ரைவ்களை வாங்காதீர்கள். உள்ளே குறைந்த கொள்ளளவுள்ள நினைவகச் சில்லை வைத்து, பெரிய கொள்ளளவு என்று கணினிக்குச் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பும்வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு வைப்பவற்றின் பெயர் தெரியும், திறக்காது.

"தமிழில அடிச்சது இங்கிலீசா வருது"

இதைப் பார்த்துக் கோப்பு பழுதாகிவிட்டது என்று அழித்தவர்களைத் தெரியும். பழுது ஒன்றும் இல்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு, இந்தக் கணினியில் பாமினி இல்லை. அவ்வளவுதான். பாமினியில் "அம்மா" என்று தெரிவது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு என்ற உடுப்பைக் கழற்றினால் அந்த ஐந்தும்தான் வெளியே தெரியும்.

உடனடி வைத்தியம், எழுத்தை எல்லாம் தெரிவுசெய்து எழுத்துருப் பெட்டியில் பாமினியைக் கொடுப்பது. பட்டியலில் இல்லாவிட்டால் நிறுவிவிட்டுக் கொடுங்கள். நிலையான வைத்தியம், எழுத்துரு மாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிச் சேமிப்பது. இப்போதைய விண்டோஸில் நிர்மலா என்ற தமிழ் எழுத்துரு கூடவே வருவதால் ஒருங்குறியில் அடித்தது எந்தக் கணினிக்குப் போனாலும் தமிழாகவே நிற்கும். வலயக் கல்வி அலுவலகத்துக்கோ அச்சகத்துக்கோ அனுப்பும் வினாத்தாள் என்றால் பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி வையுங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே போகும்.

கோப்பின் பெயரையும் சிலர் பாமினி நினைவில் அடித்துவிடுகிறார்கள். பெயருக்கு எழுத்துரு கிடையாது, எனவே அது என்றைக்கும் ஆங்கிலக் குறிகளாகவே இருக்கும். பிறகு எப்படித் தேடுவது? பெயரை ஒருங்குறித் தமிழில் வையுங்கள், அல்லது ஆங்கிலத்தில் வையுங்கள். சாய்கோடு வேண்டாம். "10/பி" என்று வகுப்பை எழுதிவிட்டு விண்டோஸ் ஏன் மறுக்கிறது என்று கேட்கிறார்கள். "10-பி" என்றால் ஏற்கும். முன்னால் திகதியை வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் போட்டால், 2025-10-14 போல, பழையதும் புதியதும் தானாக வரிசையில் நிற்கும்.

"புதிசா சேவ் பண்ணினது 2010 எண்டு காட்டுது"

கணினிப் பலகையிலுள்ள சி.ஆர். 2032 என்ற நாணய வடிவப் பற்றரி முடிந்துவிட்டது. கரண்ட் இல்லாத நேரம் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். எங்கள் அறையில் பிளக்கைக் கழற்றும் ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் இரண்டு மூன்று கணினிகள் பழைய வருடத்துக்குப் போய்விடும். சின்ன விசயம் போல இருக்கும், ஆனால் "பழசு" என்று நினைத்துப் புதியதை அழிப்பது இதனால்தான் நடக்கிறது. கூகுளுக்குள் நுழைய முடியாமல் போவதற்கும் இதே பிழையான திகதி காரணமாகலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு பற்றரியை மாற்றுங்கள், திகதியைச் சரிசெய்யுங்கள்.

"வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுது"

ஆசிரியர்கள் ஒரே புள்ளிப்பட்டியலை, பல கணினிகள் பகிரும் பொது ஃபோல்டரில் திறக்கும்போது வருவது. அந்த "வேறொருவர்" பெயர் எல்லாக் கணினியிலும் "யூசர்" என்றே இருப்பதால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வேர்ட், எக்செல் ஒப்ஷன்ஸில் பயனர் பெயருக்குக் கணினி இலக்கத்தை வையுங்கள், "கணினி 7" என்று வந்தால் எழுந்து போய்ப் பார்க்கலாம். யாருமே திறக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த ஃபோல்டரில் அலைக்குறியும் டொலர் குறியும் முன்னால் வரும் மறைந்த சின்னக் கோப்பு மிச்சமிருக்கும், அதை அழித்தால் பூட்டுத் திறக்கும்.

"தவறி அழிச்சிட்டன்"

உடனே என்றால் கண்ட்ரோல் இசட். பிறகு ரிசைக்கிள் பின். பென்ட்ரைவிலிருந்தும், வேறு கணினியின் பொது ஃபோல்டரிலிருந்தும் அழித்தவை அங்கே வராது. அப்படியானால் அந்தத் தட்டில் ஒன்றும் எழுதாமல் வேறு கணினியில் ரெகுவா போன்ற மீட்பு மென்பொருளைப் போட்டு, மீட்பதை வேறு தட்டில் சேமியுங்கள். எஸ்.எஸ்.டி. என்ற புதுவகைத் தட்டு உள்ள கணினிகளில் இது பெரும்பாலும் கைகொடுக்காது. கூகுள் டிரைவில் அழித்தது குப்பைப் பெட்டியில் 30 நாள் இருக்கும்.

"என்ட பேப்பர ஆரோ பார்த்திருக்காங்க"

எனக்கு மிகவும் கவலை தரும் முறைப்பாடு இதுதான். தவணைப் பரீட்சை வினாத்தாளை ஓர் ஆசிரியர் மத்தியானம் அடித்துவிட்டுப் போவார், பின்னேர வகுப்புக்கு வரும் அதே தரத்துப் பிள்ளை வேர்ட்டைத் திறந்தால் ரீசன்ட் பட்டியலில் முதலாவதாக அது நிற்கும். பிள்ளையில் பிழை சொல்ல முடியாது. நாம்தான் மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போகிறோம்.

நடந்திருந்தால் முதலில் வினாத்தாளை மாற்றுங்கள், அதில் தயங்க வேண்டாம். இனிமேலுக்கு, வினாத்தாளை பென்ட்ரைவிலேயே வைத்துத் திறந்து அங்கேயே சேமிக்க வேண்டும். ஃபைல், இன்ஃபோ வழியாகக் கடவுச்சொல்லும் போட வேண்டும். அந்தச் சொல் மறந்தால் மைக்ரோசொஃப்ட்டாலும் திறந்து தர முடியாது, ஆகவே வீட்டுக் கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள். ரீசன்ட் பட்டியலில் பெயரை ரைட் கிளிக் பண்ணி நீக்குங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரிசைக்கிள் பின்னையும் பாருங்கள்.

வட்ஸ்அப் வெப்பை மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டீர்களா? திரும்பி வரத் தேவையில்லை. கைபேசியில் "லிங்க்ட் டிவைசஸ்" பகுதிக்குப் போய் அந்தக் கணினியைத் தொட்டு வெளியேற்றுங்கள். கூகுள் கணக்குக்கும் கைபேசியில் பாதுகாப்புப் பகுதிக்குள் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. அறைக் கணினியில் குரோமைப் பாவிக்கும்போது விருந்தினர் (கெஸ்ட்) சாளரத்தில் திறந்தால் மூடியவுடன் எல்லாக் கணக்கும் வெளியேறிவிடும். எங்கள் அறையில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

பிள்ளைகளின் முகவரி, பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம் உள்ள பட்டியல்கள் கணினி அறைக்கு வரவே கூடாது என்பது என் நிலைப்பாடு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு தாய் எங்களை நம்பித்தான் அந்தப் படிவத்தை நிரப்பித் தருகிறாள்.

நாங்கள் இப்போது வைத்திருக்கும் ஒழுங்கு

டி டிரைவில் தரத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் சேர்விலக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபோல்டர். பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் மேசையில் தட்டுவேன். சேவ் பண்ணி, வேர்ட்டை மூடி, தன் பென்ட்ரைவுக்கோ தன் மின்னஞ்சலுக்கோ ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியை ஒரு தடவை திறந்து பார்த்த பிறகுதான் எழும்பலாம். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதியாக எண்ணுவதில்லை. பென்ட்ரைவின் விளக்கு மின்னி முடியும்வரை கை வைக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 19 கணினியின் டி டிரைவும் ஒரு வெளி வன்தட்டுக்குப் போகும். அது அலுவலக அலுமாரியின் மேல்தட்டில், பொலித்தீன் பைக்குள் இருக்கும். கீழ்த்தட்டில் வைப்பதில்லை, வெள்ளத்துக்கு. ஆனால் மேல்தட்டு மட்டும் போதும் என்று இந்தக் கரையோரத்தில் யாரும் சொல்ல முடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஆட்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது கரையோரப் பாடசாலைகளின் இடாப்புகளும் அலுமாரியோடு போயின. பழைய மாணவர் ஒருவர் தன் விடுகைப் பத்திரத்துக்கு வந்து நிற்கும்போது காட்டப் பதிவு இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று பழைய அதிபர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதனால் இரண்டாவது வன்தட்டு ஒன்று இருக்கிறது. அது நாவிதன்வெளிப் பக்கம் இருந்து வரும் எங்கள் ஆசிரியர் ஒருவரின் வீட்டில், கடவுச்சொல்லோடு இருக்கிறது. தவணைக்கு ஒரு தடவை இரண்டையும் மாற்றிக்கொள்வோம். மூன்றாம் தவணை மாற்றத்தை மட்டும் ஐப்பசி முடியுமுன் செய்துவிடுவோம். மாரி பிடித்து, அவர் வரும் வழியிலுள்ள கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் ஓடத் தொடங்கினால், வெள்ளம் வடியும்வரை அவரும் வரமுடியாது, தட்டும் வராது.